கப்பலுக்காக எழுதப்பட்ட கடல்

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் மிகச் சிறியது. மொத்தமே ஏழு பிரிவுகள். அதன் நான்காம் பிரிவு வெடி வைத்து மீன் பிடிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆறும் குளமும் மட்டுமல்ல, கரையிலிருந்து ஒரு லீக் தொலைவு, அதாவது மூன்று கடல் மைல் வரை உள்ள கடலும் இந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்று சட்டம் விளக்குகிறது. அதற்கடுத்த வாசகம் இன்னும் கவனிக்கத்தக்கது: அந்த எல்லைக்குள் கடலில் செய்த குற்றத்தை, அதை ஒட்டிய கரை நிலத்தில் செய்த குற்றமாகவே பாவித்து விசாரிக்கலாம், தண்டிக்கலாம்.

கடலில் நடந்ததைத் தரையில் நடந்ததாகப் பாவிக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? 1876 பிப்ரவரியில், டோவர் கரைக்கு அருகே ‘பிராங்கோனியா’ என்ற ஜெர்மன் கப்பல் ஓர் ஆங்கிலக் கப்பலின் மீது மோதிப் பல உயிர்கள் போயின. ஜெர்மன் கப்பலின் தலைவரை இங்கிலாந்து நீதிமன்றம் தண்டிக்க முடியுமா என்ற கேள்வியில் நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்தார்கள். முடியாது என்ற தரப்பே வென்றது. அலை வற்றும் கோட்டுக்கு அப்பால் அயல்நாட்டார் மீது அதிகாரம் செலுத்த நாடாளுமன்றம் தனியே சட்டம் செய்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அதன்பிறகே 1878இல் எல்லைக்கடல் அதிகாரச் சட்டம் வந்தது. உலகக் கடல்களை ஆண்ட பேரரசுக்குத் தன் வாசற்கடல் யாருடையது என்பதே அதுவரை தெளிவாக இருக்கவில்லை.

இந்தியாவில் இதே கேள்வி ஐந்தாண்டு முன்னதாக, கப்பலை வைத்து அல்ல, வலை கட்டும் கழிகளை வைத்து எழுந்தது. பம்பாய்க் கரையில் ஒரு தரப்பு மீனவர்கள் கடலில் ஊன்றியிருந்த கழிகளை இன்னொரு தரப்பு பிடுங்கி எறிந்தது. 1871இல் வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கழி நின்ற இடம் கரையிலிருந்து மூன்று மைலுக்குள் இருப்பதால் தண்டிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். இந்தியக் கடல்மீது சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதை அளந்து காட்டிய முதல் வழக்குகளில் இது ஒன்று. இரு தரப்பாரும் மீனவர்கள் என்பதும் அந்தத் தகராறுக்கு அவர்களுக்குள்ளேயே நெடுங்கால வழக்காறு இருந்திருக்கும் என்பதும் நினைவில் கொள்ள வேண்டியவை.

மீன்பிடிப்புக்கு 1897இல், துறைமுகங்களுக்கு 1908இல், கலங்கரை விளக்கங்களுக்கு 1927இல் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு தனித்தனியே சட்டங்கள் இயற்றியது. வெவ்வேறு துறைகள் வெவ்வேறு காலத்தில் செய்தவை என்பதால் இவற்றைத் தனித்தனியாகவே படித்துப் பழகிவிட்டோம். சேர்த்துப் படித்தால் ஒரே பார்வை மூன்றிலும் ஓடுவது தெரிகிறது. கடல் என்பது கப்பல் போகும் வழி. துறை என்பது சரக்கு இறங்கும் இடம். விளக்கு என்பது மாலுமிக்கான குறி. இந்த ஏற்பாட்டில் கரையோரக் குடிகள் தண்டனைப் பிரிவிலோ உரிமப் பிரிவிலோதான் தலை காட்டுகிறார்கள்.

தண்டனைகளை ஒப்பிட்டாலே இது விளங்கும். டைனமைட் போட்டு ஒரு மடுவின் மீனை முழுக்க அழித்தவருக்கு 1897 சட்டம் விதித்த உச்சத் தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். துறைமுகத்தில் அரசு போட்டிருக்கும் ஒரு மிதவையை நியாயமான காரணமின்றி அவிழ்த்துவிட்டாலோ சேதப்படுத்தினாலோ 1908 சட்டத்தின்படி இரண்டு ஆண்டுச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம். கலங்கரை விளக்கத்தை அழித்தால் 1860இன் தண்டனைச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை. பொய் விளக்குக் காட்டிக் கப்பலைத் திசைதிருப்பினாலும் ஏழு ஆண்டு. விளக்கு அணைந்தால் மனித உயிர் போகும் என்பதால் அந்தக் கடுமைக்கு நியாயம் உண்டு. மிதவைக்கும் மீனுக்கும் இடையே இருக்கும் பத்து மடங்குக்கு அந்த நியாயம் போதாது.

மீன்வளச் சட்டத்துக்காக முதலில் குரல் கொடுத்தவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்தவர். மலபார் மீன்களைப் பற்றி 1865இல் நூல் எழுதியவர். பின்னர் இந்தியா முழுமைக்கும் மீன்வள ஆய்வாளரானார். மாவட்ட ஆட்சியர்களுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பிப் பதில்களைத் திரட்டி, 1873இல் நன்னீர் மீன்களுக்கு ஒன்று, கடல் மீன்களுக்கு ஒன்று என இரண்டு அறிக்கைகள் வெளியிட்டார். நெருக்கமான கண்ணுள்ள வலைகளில் குஞ்சுகள் அள்ளப்படுவதும் வாய்க்கால் மதகுகளில் பொறி வைப்பதும் அவரை உறுத்தின. வலைக்கண்ணுக்குக் குறைந்தபட்ச அளவு வேண்டும் என்றார். ஏழைகளின் உணவிலும் பிழைப்பிலும் கை வைப்பதாகுமே என்ற தயக்கத்தில் அரசு இழுத்தடித்தது. அவர் அறிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே 24 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இதற்கு நடுவில் சென்னை மாகாணத்தில் வேறொரு சட்டம் தடையின்றி நிறைவேறியது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் அது. மலைவாசத்தில் துப்பாக்கியும் தூண்டிலும் பிடித்த வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்கு விலங்கும் மீனும் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் பின்னணி. விளையாட்டுக்கு உதவும் மீன் 1879லேயே காப்பாற்றப்பட்டது; கோடிப்பேர் உண்ணும் மீன் 1897 வரை காத்திருந்தது.

அப்படி வந்த 1897 சட்டமும் முக்கால்வாசி உள்நாட்டு நீர்நிலைகளைப் பற்றியதுதான். வெடி, நஞ்சு, சுண்ணாம்பு ஆகியவற்றைத் தடை செய்தது. நிலையாக ஊன்றும் வலைகளையும் கூடுகளையும், அணைகட்டி மீன் பிடிப்பதையும், வலையின் வகையையும் கண்ணளவையும் கட்டுப்படுத்த மாகாண அரசுகளுக்கு விதி செய்யும் அதிகாரம் தந்தது. குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டு வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கவும் அனுமதித்தது. ஆனால் தனியார் நீர்நிலைகளில் உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அந்த விதிகள் செல்லாது. அங்கே ஒரு சிறு விளக்கக் குறிப்பும் வருகிறது: பிறருக்கு வழக்காறு காரணமாக மீன்பிடி உரிமை இருப்பதால் மட்டும் ஒரு நீர்நிலை தனியார் நீர்நிலை அல்லாமல் போகாது.

என் கணிப்பில் இந்தச் சட்டத்தின் உண்மையான முகம் இந்த ஒற்றை வாசகத்தில்தான் இருக்கிறது. ஜமீன்தாரின் ஏரி என்றால், அதில் தலைமுறை தலைமுறையாக வலை வீசிய ஊராரின் வழக்காறு இருப்பது சட்டத்துக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும், அந்த வழக்காற்றால் உடைமையாளரின் நிலை மாறாது என்று எழுதிவைக்கிறது. பாதுகாப்பு விதி வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் உரிமை அங்கே உடைமை உள்ளவருக்கும் தனித்த குத்தகை உரிமை உள்ளவருக்கும்தான். ஊரார் கேட்கப்படுவதில்லை.

ஊராரிடம் விதிகளே இல்லாமலிருந்தால் இதை ஒருவாறு ஏற்கலாம். அப்படி இல்லை. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்ற முறை இன்றும் நடக்கிறது. இறால் ஓடும் நல்ல இடங்களில் வலை கட்டும் முறைநாளை ஊர்களும் ஊருக்குள் குடும்பங்களும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. சீட்டுப் போட்டு வரிசை வைப்பதால் எவருக்கும் நிரந்தரமாக நல்ல இடம் வாய்ப்பதில்லை. கரைவலை இழுக்கும் ஊர்களில் யார் வலை முதலில் இறங்கும், அது கரை சேரும்வரை அடுத்த வலை எங்கே காத்திருக்கும் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. மீறினால் பஞ்சாயத்தார் அபராதம் போடுவார்கள். கடலுக்குப் போகாமல் நிறுத்தியும் வைப்பார்கள். சோழமண்டலக் கரையின் இந்த ஊர்ச் சட்டங்களை டச்சு ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் 2001இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இந்த விதிகளில் சாதியும் ஆணாதிக்கமும் கலந்திருப்பதை மறைக்க வேண்டியதில்லை. பாடு முறையில் இடம் பெறாத குடிகளின் மனக்குறையும் பழையதுதான். ஆனாலும் மீன், வலை, நேரம், இடம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கணக்கில் எடுத்த விதிகள் அந்தக் காலத்தில் அங்கேதான் இருந்தன.

உண்மையில் சென்னை மாகாண மீனவரின் அன்றாடத்தைத் தொட்டது மீன்வளச் சட்டத்தைவிட உப்புச் சட்டம்தான். 1805 முதல் இந்த மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் உப்பு மண்ணைச் சுரண்டி எடுப்பதையும் குற்றமாக வைத்தது. பிடித்த மீனில் அன்றே விற்றதுபோக மிச்சத்தைக் கருவாடாக்க உப்பு வேண்டும். தீர்வை சேர்ந்த உப்பின் விலை மீனின் விலைக்குக் கட்டாது. கரையோரத்து உப்பு மண்ணைத் தேய்த்துக் காயவைத்தால் கருவாடு கெட்டுப்போவதோடு போலீசுக்கும் அஞ்ச வேண்டும். உப்பு வரி மீன் தொழிலை எப்படி நசுக்குகிறது என்பதை டே தம் கடல்மீன் அறிக்கையில் விளக்கமாகவே எழுதினார்.

அதற்கு விடையாக 1870களில் மீன் பதனிடும் அரசு முற்றங்கள் வந்தன. வேலியடைத்த முற்றம், உள்ளே உப்புக் கிடங்கு, உப்புத் துறை ஊழியரின் காவல். மீனை உள்ளே கொண்டுவந்து எடைபோட்டால், எடைக்குத் தக்கபடி தீர்வை இல்லாத மலிவு உப்புக் கிடைக்கும். அங்கேயே அறுத்து, உப்பிட்டு, காயவைத்து, கருவாடாகத்தான் வெளியே எடுத்துப் போகலாம். ஒரு பிடி உப்பைக்கூட மடியில் கட்டிக்கொண்டு வர முடியாது. கருவாடு போடுவது மீனவப் பெண்களின் வீட்டுமுற்றத்து வேலையாக இருந்தது. அது காவலரின் கண்பார்வையில், காவலர் கதவு திறக்கும் நேரத்தில் செய்யும் வேலையாகிவிட்டது. நல்ல உப்பு மலிவாகக் கிடைத்ததால் கருவாட்டின் தரம் உயர்ந்தது என்பதும் மெய்தான். இரண்டும் சேர்ந்தே நடந்தன.

இந்த முற்றங்களை வரித்துறையின் பிடியிலிருந்து எடுத்து மீனவர் நலத்துக்கானவையாக மாற்ற முயன்றவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவுக் கடன் பற்றிய அறிக்கைக்காகப் பெயர் பெற்ற அதே நிக்கல்சன்தான். 1905இல் மீன்வள ஆய்வுப் பணியை ஏற்றார். 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்துறை உருவானது. தானூரில் பதனிடும் சோதனைகள் நடந்தன. மீனவரைத் திட்டாமல், அவர் தொழிலை அவரிடமிருந்தே கற்க முயன்ற அதிகாரிகள் மிகக் குறைவு. நிக்கல்சனும் அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெலும் அந்தச் சிலரில் அடங்குவார்கள்.

மீனுக்கு மூன்று மைலோடு நின்ற சட்டம், முத்து என்றதும் அந்த எல்லையை மறந்துவிட்டது. இலங்கையில் 1811ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதி, முத்துப் பார்களின் மேலோ அவற்றின் அருகிலோ சுற்றித் திரியும் படகைப் பிடித்துப் பறிமுதல் செய்ய அதிகாரம் கொடுத்தது. அந்தப் பார்கள் கரையிலிருந்து 6 மைல் முதல் 21 மைல் வரை விரிந்து கிடந்தன. 1893இல் பெரிங் கடல் சீல் வேட்டை பற்றிய வழக்கில் அமெரிக்கத் தரப்பு இதையே பிரிட்டனுக்கு எதிராக எடுத்துக்காட்டியது: மன்னார்க் கடலில் 20 மைலுக்கு அப்பாலும் நீங்கள் அதிகாரம் செலுத்தும்போது, நாங்கள் எங்கள் கடல்விலங்குகளைக் காக்கக்கூடாதா?

சங்கு விஷயம் இன்னும் நுட்பமானது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் சங்குக் குளிப்பு உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர், பாக் விரிகுடாவில் சங்கு எடுத்தவர்கள் மீது திருட்டுக் குற்றம் சாட்டினார். 1904ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்த அந்தச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு இன்றும் சர்வதேசக் கடற்சட்ட நூல்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. கடலில் நீந்தும் மீன் பிடிபடும் வரை யாருக்கும் சொந்தமில்லை. சொந்தமில்லாததைத் திருட முடியாது. அப்படியானால் கடலடியில் கிடக்கும் சங்கு? முத்தும் சங்கும் தொன்றுதொட்டு இந்நாட்டு அரசர்களின் உடைமையாக இருந்து வந்தவை. பாக் விரிகுடா இருபுறமும் பிரிட்டிஷ் நிலத்தால் சூழப்பட்ட நீர். ஆகவே அங்கே சங்கு எடுத்தது திருட்டாகும் என்ற நிலையை நீதிமன்றம் எடுத்தது.

1897 சட்டம் மீனவரின் வழக்காற்றை உடைமைக்குக் கீழே வைத்ததைப் பார்த்தோம். இங்கே அரசனின் வழக்காறு மூன்று மைலைத் தாண்டிய உடைமையாக உயர்கிறது. பழமை என்ற ஒரே சான்று, வருவாய் வரும் இடத்தில் உரிமையாகவும் வயிற்றுப்பாட்டு இடத்தில் வெறும் பழக்கமாகவும் எடைபோடப்பட்டது. சங்கு வருவாய் தந்ததால் சங்குக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. தூத்துக்குடியில் குளியாளிகள் கொண்டுவந்த சங்குகளை அளவுத் துளையில் நுழைத்துப் பார்த்து, சிறியவற்றைக் கடலுக்கே திருப்பி அனுப்பினார்கள். டே மீனுக்குக் கேட்ட வலைக்கண் அளவு போன்ற ஒரு விதி, வங்காளத்து வளையல் பட்டறைகளுக்குப் போன சங்குக்கு நடைமுறையில் இருந்தது.

இனி துறைமுகம். சென்னைக்கு வெகுகாலம் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகுகளில் அலைமடிப்பைத் தாண்டிக் கரைக்கு வரும். ஆணியே இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கி மணலில் மோதும்போது ஆணியடித்த ஐரோப்பியப் படகு பிளக்கும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர்கள்தான் கப்பலுக்கும் கரைக்கும் கடிதம் சுமந்தார்கள். சென்னையின் வணிகம் முழுவதும் சில ஆயிரம் மீனவக் கைகளைக் கடந்துதான் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கைகளைச் சட்டம் எப்படிப் பார்த்தது? இந்தியத் துறைமுகங்களுக்கான முதல் பொதுச் சட்டம் 1855இல் வந்தது. 1875, 1889 என்று திருத்தி எழுதப்பட்டு, 1908இல் நிலையான வடிவம் பெற்றது. கன்சர்வேட்டர் என்ற அதிகாரியின் ஆணைக்குத் துறை எல்லைக்குள் எல்லாக் கலங்களும் கட்டுப்பட வேண்டும். விதி செய்யும் அதிகாரத்தைப் பட்டியலிடும் ஆறாம் பிரிவில், வாடகைக்கு ஓடும் கட்டுமரங்களுக்கும் சரக்குப் படகுகளுக்கும் பயணிகள் படகுகளுக்கும் உரிமம் வழங்கி ஒழுங்குபடுத்தலாம் என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதையும் விதியாக்கலாம். மூழ்கும் அபாயம் உள்ள தொழிலுக்கு இவை தேவையான விதிகள்தான். நான் சுட்டுவது வேறு: அந்தச் சட்டத்தில் கட்டுமரம் இடம் பெறுவது கப்பலுக்கு வேலை செய்யும் வாடகைக் கலமாகத்தான். அதே கட்டுமரம் விடியலில் வலையோடு போகும்போது, அதன் வழியையும் அது ஒதுங்கும் கரையையும் காக்க ஒரு வரியும் இல்லை. கப்பல்களுக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்று சொல்ல மட்டும் பிரிவு உண்டு.

இருபத்தொன்பதாம் பிரிவையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். துறை எல்லைக்குள் கடலடியில் தொலைந்துபோன நங்கூரம், சங்கிலி போன்றவற்றைக் கன்சர்வேட்டரின் அனுமதியின்றித் துழாவித் தேடுவது குற்றம். திறந்த கடலில் நங்கூரம் அறுந்து போவது வாடிக்கை. கடலடியைக் கைரேகைபோல அறிந்தவர்கள் கரையோர மக்கள். அவர்களுடைய அந்த அறிவு, அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் குற்ற முயற்சியாக மாறிவிடும்.

துறைமுகம் செய்த பெரிய காரியம் எந்தச் சட்டப் பிரிவிலும் அடங்காதது. 1870களின் நடுவில் சென்னையில் அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைச் சுவர் மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. மணல் குவிந்த பக்கம் உலாவுமிடம் அமைந்தது. அரிக்கப்பட்ட பக்கத்தில் மீனவக் குப்பங்கள் இருந்தன. துறைமுகத்தின் மிதவையைச் சேதப்படுத்தினால் அபராதம் என்று எழுதிய சட்டம், துறைமுகமே ஒரு கரையைச் சேதப்படுத்தினால் யார் பொறுப்பு என்று கேட்கவில்லை. வடசென்னைக் கரையில் கருங்கல் கொட்டும் வேலை இன்றும் ஓயவில்லை.

விளக்குகளின் கதை இவ்வளவு கசப்பானதல்ல. சென்னையின் முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக உள்ள கட்டடத்தின் உச்சியில் தேங்காயெண்ணெயில் எரிந்தது. 1844இல் கேப்டன் ஸ்மித்தின் கருங்கல் தூண் எழுந்தது. உயர் நீதிமன்ற வளாகத்தில் இப்போதும் நிற்கிறது. 1894இல் விளக்கு உயர் நீதிமன்றத்தின் கோபுரத்துக்கே ஏறியது. மாமல்லபுரத்தில் 1887இல் பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலின் கூரையில் விளக்கு வைத்தார்கள். இலங்கையின் தென்கிழக்கே பெரிய பாசஸ் பாறையில் 1873இலும் சிறிய பாசஸில் 1878இலும், மினிக்காய்த் தீவில் 1885இலும் பிரிட்டன் நேரடியாக விளக்குகள் கட்டியது. பெரிய பாசஸ் கோபுரத்தின் கல் ஸ்காட்லாந்திலிருந்து செதுக்கி வந்தது. நடுக்கடல் பாறையில் கல்மேல் கல் வைத்த அந்த உழைப்பை மதிக்காமல் இருக்க முடியாது. இந்த விளக்குகள் எத்தனையோ கட்டுமரங்களையும் வீடு சேர்த்திருக்கின்றன.

ஆனால் விளக்கை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானித்த கணக்கு வேறு. 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம், அதுவரை மாகாணங்களிடமும் துறைமுகங்களிடமும் சிதறிக் கிடந்த நிர்வாகத்தை ஒருங்கிணைத்தது. 1929 ஏப்ரலில் பொது விளக்குகள் மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. செலவுக்குக் கப்பல்களிடம் டன்னுக்கு இரண்டணாவுக்கு மேற்படாத விளக்குக் கட்டணம். ஐம்பது டன்னுக்குக் குறைந்த கலங்களுக்கு விலக்கு. இந்த விலக்கு சலுகைதான். கூடவே, கட்டணம் செலுத்தாதவர் கணக்கிலும் வருவதில்லை. பெருங்கப்பல் திரும்ப வேண்டிய முனையில் விளக்கு எரியும்; நூறு கட்டுமரம் இருட்டில் கரையேறும் குப்பத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மீனவர்கள் கோயில் கோபுரத்தையும் மாதா கோயில் சிலுவையையும் தனித்து நிற்கும் பனையையும் மலைமுகட்டையும் ஒன்றோடொன்று நேர்வைத்து இடம் கண்டார்கள். அந்தக் குறிகளைக் காக்கும் சட்டம் எதுவும் இல்லை.

கடல்வழிக் குறிகளிலேயே தமிழ்நாட்டு வீடுகளுக்கு மிகப் பழகியது புயல் எச்சரிக்கைக் கூண்டு. 1864இல் கல்கத்தாவை அழித்த புயலுக்குப் பிறகு, 1865இல் அந்தத் துறைமுகத்துக்கென எச்சரிக்கை முறை தொடங்கியது. 1886வாக்கில் மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி, 1898 ஏப்ரல் முதல் ஒரே சீரான குறிகள் நடைமுறைக்கு வந்தன. கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் ஏறும். ஐந்தாம் எண் என்றால் புயல் துறைமுகத்தை இடப்புறம் விட்டுக் கரையைக் கடக்கும். ஆறாம் எண் என்றால் வலப்புறம் விட்டுக் கடக்கும். ஏழு என்றால் துறைமுகத்தின் மேலேயே அல்லது மிக அருகே. எட்டு, ஒன்பது, பத்து இதே வரிசையில் பேரபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இடமா வலமா என்ற செய்தி யாருக்கு வேண்டும்? நங்கூரத்தை எடுத்துக்கொண்டு ஆழ்கடலுக்கு ஓடுவதா, உள்ளேயே கட்டிப்போடுவதா என்று முடிவெடுக்க வேண்டிய கப்பல் தலைவனுக்கு. காற்று எந்தப் பக்கமிருந்து திரும்பும் என்பதில் அவன் கப்பலின் உயிர் இருக்கிறது. அந்தத் தேவைக்கு இந்தக் குறிகள் மிக நேர்த்தியானவை. முப்பது மைல் தொலைவில் வலை போட்டிருப்பவருக்குத் துறைமுகக் கம்பம் தெரியாது. அவர் ஊரில் துறைமுகமும் இல்லை, கம்பமும் இல்லை. மீனவருக்கான எச்சரிக்கை வானொலி வழியாகப் பிற்காலத்தில் தனியே வந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் உருவானபோது, குமரிக் கரையின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையிலிருந்து எந்தச் செய்தியும் எட்டாத தொலைவில் இருந்தார்கள். தூத்தூர் வட்டாரத்து ஊர்கள் பலரை இழந்தன.

அந்தச் சட்டங்கள் இப்போது ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. 1927 சட்டத்துக்குப் பதிலாக 2021இல் மின்னணு வழிகாட்டிகளையும் கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பையும் உள்ளடக்கிய சட்டம் வந்தது. 1908 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டம். கடல் மீன்பிடிப்புக்குத் தமிழ்நாடு 1983இல் தனிச் சட்டம் செய்து, கரையிலிருந்து மூன்று கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. வெடி போட்டவரைப் பிடிக்கக் குறித்த அதே தூரம், இப்போது சிறுமீனவருக்கான தூரம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் இடையே 1970களில் நடந்த மோதல்கள். பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் அந்த மோதல்களிலிருந்தே பிறந்தது. பழவேற்காட்டின் பாடு போலவே நேரத்தைப் பங்கிடும் விதி அது.

அந்த ஏற்பாட்டில் எதிர்க்கரை மீனவர்கள் இல்லை. 1904இல் சென்னை நீதிமன்றம் ஒரே ஆட்சிக்குள் அடங்கிய நீராகக் கண்ட விரிகுடாவை, 1974இல் இந்தியாவும் இலங்கையும் வரலாற்றுரிமைக் கடல் என்று ஒப்புக்கொண்டே கோடு போட்டுப் பிரித்துக்கொண்டன. தமிழகத்து இழுவைமடிப் படகுகள் அந்தக் கோட்டைத் தாண்டி, போரிலிருந்து மீண்டுவந்த மன்னார், யாழ்ப்பாண மீனவர்களின் வலைகளை அறுக்கின்றன. இலங்கைக் கடற்படையின் கைதும் சூடும் தமிழக மீனவரை வீழ்த்துகின்றன. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவப் பிரதிநிதிகளும் சென்னையில் உட்கார்ந்து பேசி, இழுவைமடிக்கு ஆண்டில் 70 நாள் மட்டும், அதுவும் ஓராண்டுக்குள் முற்றாக நிறுத்துவது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஒரே மொழியில் பேசி, தங்களுக்குள்ளேயே எழுதிக்கொண்ட விதி அது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. படகுகள் இன்னும் போகின்றன. கைதுகள் இன்னும் நடக்கின்றன.